பல்கலைக்கழகங்களின் பிரதேசப் பரம்பலும் பொருளாதார வளர்ச்சியும்: தேற்றாத்தீவை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகம் ஒன்று அமையும் பிரதேசம் பொருளாதார வளர்ச்சி பெறும் என்பது இன்று ஏறத்தாழ ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகக் கொள்ளப்படுகின்றது. அரசியல் மேடைகளிலும், திட்டமிடல் அறிக்கைகளிலும், பல்கலைக்கழகம் கோரும் மகஜர்களிலும் இக்கருத்து மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றது. பின்தங்கிய மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகம் வழங்கப்படின் அங்கு அறிவு பெருகும். அறிவு பெருக உற்பத்தி பெருகும். உற்பத்தி பெருக வறுமை நீங்கும் என்பதே இத்தருக்கத்தின் சாரம். இதன் ஒவ்வொரு படியும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியது. எனினும், முதற்படி நிறைவேறியதும் ஏனையவை தாமே நிகழ்ந்துவிடும் எனக் கொள்வது வழக்கமாகிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தேற்றாத்தீவு என்னும் கிராமத்தை உரைகல்லாகக் கொண்டு இத்தருக்கத்தை நோக்குவது பயன் தரும்.

இக்கருத்துக்குப் புள்ளிவிபர ஆதாரம் இல்லாமலில்லை. அன்னா வலேரோ, ஜோன் வான் றீனன் ஆகிய பொருளியலாளர் இருவரும் 78 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 பிரதேசங்களில் அமைந்த ஏறத்தாழ 15,000 பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு, 1950 முதல் 2010 வரையான காலப்பகுதியை ஆராய்ந்தனர். ஒரு பிரதேசத்தில் தலைக்குரிய பல்கலைக்கழக எண்ணிக்கை நூற்றுக்குப் பத்து அதிகரித்தால், பின்னர் அப்பிரதேசத்தின் தலைக்குரிய உற்பத்தி நூற்றுக்கு 0.4 அளவில் உயர்ந்து காணப்படுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2019 இல் ஆய்வேடொன்றில் வெளியான இவ்வாய்வு மேலும் இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. இவ்வுயர்வு மாணவரும் ஆசிரியரும் செலவிடும் பணத்தால் மாத்திரம் விளைந்ததன்று. அதன் ஒரு பகுதி பயிற்சி பெற்ற மனிதவளத்தின் ஊடாகவும் புத்தாக்கங்களின் ஊடாகவும் வந்தது. எனவே, பல்கலைக்கழகத்துக்கும் வளர்ச்சிக்கும் இடையே வாய்க்கால்கள் உள்ளன. உலகச் சராசரி ஒன்று அவ்வாய்க்கால்கள் உண்டு என்பதைக் காட்டும். குறித்த ஓர் ஊரில் அவை வெட்டப்பட்டுள்ளனவா, தூர்ந்து கிடக்கின்றனவா என்பதைக் காட்டாது. அதனைக் காண்பதற்கு அவ்வூருக்கே செல்லவேண்டும்.

இலங்கையில் பல்கலைக்கழகங்கள் பரவிய வரலாறு இங்கு சுருக்கமாக நோக்கத்தக்கது. 1942 இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம், அதுவும் மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம் என்பதே சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்து இலட்சியமாயிருந்தது. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார ஆகிய பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. தமிழ்ப் பிரதேசத்தில் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் நிலவியது. அது திருகோணமலையில் அமைதல் வேண்டும் என்று ஒரு சாராரும், யாழ்ப்பாணத்தில் அமைதல் வேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டனர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு ஆரம்பமாயிற்று. 1981 இல் வந்தாறுமூலையில், அங்கிருந்த மத்திய மகா வித்தியாலய வளவில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞான, விவசாய பீடங்களுடன் தோன்றியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. போர்க்கால இனமுறுகலின் பின்னணியில், இன்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமாயிற்று. மிகிந்தலை, பெலிகுல்ஓயா, குளியாப்பிட்டி, பதுளை என இப்பட்டியல் நீண்டு, 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் வரை வந்துள்ளது.

இவ்வரலாற்றில் ஒரு கருத்துக் குழப்பம் தொடர்ந்து காணப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதியின் பரம்பல், பல்கலைக்கழக நிறுவனங்களின் பரம்பல், பல்கலைக்கழகத்தால் விளையும் பயனின் பரம்பல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. 1970களின் தரப்படுத்தலும், அதன்பின் வந்த மாவட்டப் பங்கீடும் அனுமதி பற்றியவை. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எந்த மாவட்டத்து மாணவர் எத்தனை பேர் உட்செல்லலாம் என்பதே அங்கு வினா. எந்த மாவட்டத்தில் கட்டிடம் எழவேண்டும் என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டு பற்றியும் அரை நூற்றாண்டாகக் கடும் விவாதம் நிகழ்ந்துள்ளது. மூன்றாவது பற்றிய விவாதமோ மிகக் குறைவு. முதல் இரண்டுக்கும் விடை கிடைத்தால் மூன்றாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாகக் கருதுவதே மேற்குறித்த தருக்கத்தின் அடிப்படைக் குறைபாடாகும்.

தேற்றாத்தீவு மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில், செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் அண்மையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். இது எழுவான்கரைக் கிராமங்களின் பொது இயல்பு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றா மரத்தை நினைவூட்டும் பெயருடைய இவ்வூரின் சீவியம் மூன்று மூலங்களில் தங்கியுள்ளது. வளவுகளிலும் தோட்டங்களிலும் வெற்றிலையும் மரக்கறியும். கடலிலும் வாவியிலும் மீன். வாவிக்கு அப்பால் படுவான்கரை வட்டைகளில் நெல். எழுவான்கரையில் வாழ்ந்துகொண்டு படுவான்கரையில் வேளாண்மை செய்வது மட்டக்களப்பு மக்களின் பழைய வழக்கம். பட்டிருப்புப் பாலமும் வாவித் துறைகளும் இவ்விரு கரைகளையும் இணைப்பன.

பல்கலைக்கழகங்களின் இருப்பிடத்தை மாத்திரம் நோக்கின் இவ்வூர் பெரும்பேறு பெற்றது எனலாம். வடக்கே வந்தாறுமூலையும் தெற்கே ஒலுவிலும் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இரு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில், பிரதான வீதியிலேயே அமைந்த கிராமங்கள் இலங்கையில் பல இல்லை. எனினும், மாவட்டத்தின் நிலை என்ன? அரச குடும்ப வருமானச் செலவு மதிப்பீட்டின்படி 2012/13 இல் நாட்டின் வறுமை வீதம் 6.7 ஆக இருக்க, மட்டக்களப்பு மாவட்டத்தில் அது 19.4 ஆகக் காணப்பட்டது. 2016 இல் நாட்டின் வீதம் 4.1, மாவட்டத்தின் வீதம் 11.3. இரண்டும் குறைந்துள்ளன, இடைவெளியின் விகிதம் ஏறத்தாழ அப்படியே நின்றது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏழுக்கு மேற்பட்டோர் கிழக்கு மாகாணத்தில் வாழ்கின்றனர். தேசிய உற்பத்தியில் அம்மாகாணத்தின் பங்கோ இருபதில் ஒன்றை ஒட்டியதாகவே இருந்துவருகின்றது. மேல் மாகாணத்தின் பங்கு ஐந்தில் இரண்டு அளவினது.

இவ்வெண்களைக் கொண்டு பல்கலைக்கழகம் பயனற்றது என முடிவு செய்வது அவசரமாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாறு போரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. அது தோன்றிய மாவட்டம் 1978 நவம்பர் சூறாவளியால் தென்னைகளையும் வீடுகளையும் இழந்திருந்தது. அது தோன்றி இரண்டு ஆண்டுகளில் 1983 வந்தது. 1990 இல் வந்தாறுமூலை வளாகம் அகதிமுகாமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. 2004 இல் ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்துக் கிணறுகளை உவராக்கியது. 2006 டிசெம்பரில் உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். இத்தகைய காலத்தில் விரிவுரைகளை நடத்திப் பட்டங்களை வழங்கியதே பெரும் பணி. கொழும்புக்கோ பேராதனைக்கோ செல்ல அஞ்சிய பெற்றோரின் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், ஊருக்கு அண்மையில் உயர்கல்வி பெற அது வாய்ப்பளித்தது. இதனைப் பொருளாதாரக் கணக்கில் சேர்க்காத விமர்சனம் நீதியானதாகாது.

ஆயினும், போரைக் கொண்டே அனைத்தையும் விளக்கிவிடவும் இயலாது. கிழக்கில் போர் 2007 இலும், நாட்டில் 2009 இலும் முடிவுற்றது. அதன்பின் கழிந்த காலம் சிறிதன்று. ஆகவே, வாய்க்கால்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, செலவு. பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகை அறைகள், சாப்பாட்டுக் கடைகள், நிழற்பிரதி நிலையங்கள் தோன்றும். இப்பயன் உண்மையானது, ஆனால் அது வளாக வாயிலைச் சார்ந்தது. வந்தாறுமூலையில் செலவிடப்படும் பணம் வாவியின் தெற்குக் கரையை எட்டுவது அரிது. மேலும், வளாகத்துக்கு வேண்டிய கட்டிடப் பொருளும் ஆய்வுகூட உபகரணமும் தளபாடமும் வெளியிலிருந்து வருமாயின், அரசு ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிச் செல்லும். குன்னார் மிர்டால் 1957 இல் எழுதிய நூலில், வளர்ந்த மையம் சுற்றுப்புறத்துக்குப் பயனைப் பரப்பவும் கூடும், சுற்றுப்புறத்தின் மூலதனத்தையும் இளைஞரையும் ஈர்த்துக்கொள்ளவும் கூடும் என விளக்கினார். சிறுநகரப் பல்கலைக்கழகம் அவர் கூறிய மையமாகத் தானே நிற்கும் வலுவற்றது. கொழும்பு என்னும் பெருமையத்தை நோக்கிய பாதையில் அது ஒரு தரிப்பிடமாகிவிடும் அபாயம் உண்டு.

இரண்டாவது, மனிதவளம். இலங்கையில் அனுமதி மத்தியிலிருந்து தீர்மானிக்கப்படுகின்றது. தேற்றாத்தீவின் மாணவி ஒருத்தி பதுளைக்கு அனுப்பப்படலாம். குருநாகலின் மாணவன் வந்தாறுமூலைக்கு வரலாம். இனங்களும் மாகாணங்களும் கலந்து பயில்வது நாட்டுக்கு நன்மை, அதனை எதிர்ப்பதற்கில்லை. ஆனால், ஒரு பல்கலைக்கழகம் தன் பிரதேசத்துக்கே மனிதவளத்தை ஆக்குகின்றது என்ற கூற்று இம்முறையின் கீழ் பொருந்தாது. பட்டம் பெற்றவர் எங்கே தங்குவார் என்பதைத் தொழில் தீர்மானிக்கின்றது. தொழில் எங்கே உள்ளது என்பதைப் பல்கலைக்கழகம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சி நிகழ்ந்த ஆண்டிலேயே, டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கையின் வேலையின்மை பற்றி அறிக்கை வெளியிட்டது. கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் வழங்கிய வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையே அக்குழு சுட்டிய நோய். 1976 இல் ரொனால்ட் டோர் எழுதிய நூல் அதனைத் தராதரப்பத்திர நோய் என அழைத்தது. அந்நூல் எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்நோய் தீரவில்லை. தனியார் தொழிற்றுறை மெலிந்த மாவட்டத்தில் பட்டதாரியின் கண் அரச நியமனத்தின் மீதே பதிந்திருக்கும். மட்டக்களப்பில் காந்திப் பூங்காவின் முன் வேலையற்ற பட்டதாரிகள் அமர்ந்து போராடிய காட்சி ஒரு தலைமுறைக்கு அந்நியமானதன்று. நியமனம் கிடைத்ததும் அவர் ஆசிரியராவார், அபிவிருத்தி உத்தியோகத்தராவார். ஆசிரியரின் பணி உயர்ந்தது. கிராமப் பாடசாலைகள் அதனால் வலுப்பெற்றன. எனினும், பாடசாலை பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆக்க, பல்கலைக்கழகம் பாடசாலைக்கு ஆசிரியரை ஆக்க, இவ்வட்டத்துக்கு வெளியே வயலும் வாவியும் நின்றவாறே நிற்குமாயின் அங்கு கல்வி வளர்ந்தது எனலாம். பொருளாதாரம் வளர்ந்தது எனக் கூறுவதற்கில்லை.

மூன்றாவது, அறிவு. மூன்றனுள் இதுவே தலையாயது. படுவான்கரையில் விதைக்கப்படும் புதிய நெல்லினங்களின் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். பீ.ஜீ. எனத் தொடங்குவன பத்தலகொடையில் பிறந்தவை, ஏ.ரி. எனத் தொடங்குவன அம்பலாந்தோட்டையில் பிறந்தவை. விவசாயத் திணைக்களத்தின் அவ்விரு ஆராய்ச்சி நிலையங்களின் பெயரை மட்டக்களப்பு விவசாயி, அவ்வூர்களைக் காணாமலே, ஒவ்வொரு பெரும்போகத்திலும் உச்சரிக்கின்றான். ஓர் ஆராய்ச்சி நிலையம் தன் ஊரின் பெயரை விதையில் பொறித்து நாடெங்கும் அனுப்ப முடியும் என்பதற்கு இது சான்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விவசாய பீடத்தைக் கொண்ட மாவட்டத்தின் பெயர் விவசாயியின் நாவில் அவ்வாறு பதியவில்லை. புதிய நெல்லினம் ஆக்குவது பல்கலைக்கழகத்தின் பணியன்று எனக் கூறலாம். அப்படியாயின் எது அதன் பணி? கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் நன்னீர் மெல்லிய படையாகவே தங்கியுள்ளது. அதனை எவ்வளவு இறைக்கலாம், இடப்படும் உரம் அதில் எவ்வளவு கரைகின்றது, வெற்றிலைக் கொடியின் அழுகலுக்கு என்ன மாற்று, தோட்டத்தில் பெறும் விலைக்கும் சந்தையில் விற்கும் விலைக்கும் இடையே யார் நிற்கின்றனர் என்பன தேற்றாத்தீவு போன்ற ஊர்கள் கேட்கும் வினாக்கள். இவற்றை அவ்விடத்தே ஆராய்வதற்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகமே தகுதியுடையது.

கோயம்புத்தூரின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. சென்னை சைதாப்பேட்டையில் 1868 இல் தோன்றிய விவசாயப் பாடசாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1971 இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. 1912 இல் அங்கு ஆரம்பிக்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கரும்பினங்கள் ‘கோ’ என்னும் ஊர்க்குறியுடன் வட இந்தியா வரை சென்றன. ஆனால் கோயம்புத்தூரை வளர்த்தது கல்லூரி மாத்திரம் எனில் அது வரலாற்றுப் பிழை. பருத்தி விளையும் நிலம், ஆலைத்தொழில், 1930களில் வந்த பைக்காரா மின்சாரம், கிணற்று நீரை இறைக்கும் மோட்டாரை உள்ளூரிலேயே செய்த பட்டறைகள் ஆகியன ஒருங்கே இருந்தன. அறிவை வாங்கிப் பயன்படுத்தும் கைகள் அருகிலிருந்தன. பல்கலைக்கழகம் தனித்து நின்று வளர்ச்சியைத் தோற்றுவிப்பதில்லை; வளர்ச்சிக்கான ஏனைய கூறுகளுடன் இணையும்போது அவற்றின் வேகத்தைக் கூட்டுகின்றது.

அறிவின் வாய்க்காலில் மொழியும் ஒரு மதகு. விவசாயமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. ஆய்வேடுகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. உலக அறிவுடன் தொடர்பு கொள்ள இது தேவையானது. எனினும், களுவாஞ்சிகுடிப் பகுதித் தோட்டத்தில் மண் எடுத்து எழுதப்பட்ட ஆய்வு, அத்தோட்டக்காரன் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு பக்கமேனும் திரும்பி வராவிடின், பிரதேசம் அறிவுக்கு மூலப்பொருளை வழங்கியதாகுமேயன்றி அறிவைப் பெற்றதாகாது. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து முடிவுப்பொருளைப் பெறாதிருக்கும் குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்துக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கத்துக்குச் சென்னையில் தலைமை தாங்கியவர். தமது மண்ணில் பல்கலைக்கழகம் இல்லாத காலத்தில் சிதம்பரத்துக்கும் கொழும்புக்கும் சென்ற அப்பெரியார், விஞ்ஞானம் மக்கள் மொழியில் வழங்க வேண்டும் என உழைத்தார். இன்று அம்மண்ணில் பல்கலைக்கழகம் உண்டு. அவ்வுழைப்பு தொடரவேண்டிய நிலையிலேயே உள்ளது.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். பல்கலைக்கழகம் உண்மையைத் தேடும் இடம். வெற்றிலைக்கும் மீனுக்கும் அதனைப் பணியாளாக்குவது அதன் மாண்பைக் குறைப்பதாகும் என்பர். இவ்வாதத்தில் மதிக்கத்தக்க பகுதி உண்டு. மெய்யியலையும் இலக்கியத்தையும் இலாபக் கணக்கால் அளப்பது தவறு. எனினும், பிரதேசத்தின் பின்தங்கிய நிலையைக் காட்டிப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பெற்ற பின்னர், அப்பின்தங்கிய நிலையை ஆராய்வது இழிவு எனல் பொருந்தாது. உண்மையைத் தேடுவதற்கு வாவியும் ஓர் இடமே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட அவ்வாவியின் நீரும் மீனும், அதனைச் சார்ந்த மக்களின் உற்பத்தி உறவுகளும், போடியார் காலத்து நிலவுடைமையின் எச்சங்களும் எந்தப் பெரும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய ஆய்வுப் பொருள்கள்.

ஆகவே, பிரதேசப் பரம்பல் பற்றிய அளவுகோல் மாற்றப்பட வேண்டும். ஒரு மாவட்டத்தில் எத்தனை வளாகங்கள், எத்தனை பீடங்கள் என்று எண்ணுவதுடன் நின்றுவிடாது, பட்டம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் பட்டதாரிகள் எங்கே, எத்தொழிலில் உள்ளனர், இறுதியாண்டு ஆய்வுகளுள் எத்தனை அப்பிரதேசத்தின் வினாவிலிருந்து பிறந்தன, அவற்றின் முடிவு எம்மொழியில் யாரிடம் திரும்பியது என்பனவும் கணக்கிடப்படல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில் விவசாய பீடத்தின் விரிவுரையாளர் ஒருவர் தவறாது அமரலாம். ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக்கப்பட்டு, விவசாயச் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அனுப்பப்படலாம். எழுவான்கரையின் மணல் நிலத்தில் ஒரு சிறு பரிசோதனைத் தோட்டமும், படுவான்கரையில் ஒரு வயலும் மாணவரின் நிரந்தரக் களங்களாக அமையலாம். அதேவேளை, குளிரூட்டிய களஞ்சியம், பதனிடும் தொழில், கடன் வசதி ஆகியவற்றை அரசு ஏற்படுத்தாதவிடத்துப் பல்கலைக்கழகத்தின் மீது மாத்திரம் பழி சுமத்துவதும் தகாது.

தேற்றாங்கொட்டையைக் கலங்கிய நீர்க் குடத்தின் அருகே வைத்திருப்பதால் நீர் தெளிவதில்லை. அது குடத்தின் உட்புறத்தில் தேய்க்கப்படல் வேண்டும் என்பது கிராமத்தவர் அறிந்தது. வந்தாறுமூலையும் ஒலுவிலும் அருகில் அமைந்துவிட்டன. அருகில் அமைவதற்காகவே ஒரு தலைமுறை போராடியது. இனி அவ்வறிவு கிராமத்தின் உட்புறத்தைத் தொடும் வழியை வகுப்பதே விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் உரிய பணியாகும். ஆண்டுதோறும் தேற்றாத்தீவிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் பல்கலைக்கழகம் புகும் மாணவர் தம் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பைத் தெரிவு செய்யும்போதே அப்பணியைத் தொடங்கலாம்.